ஸ்பூனுக்கு இரண்டு மோட்டார்

மின்னணுச் சாமான்கள் விற்கும் அந்தச் சந்தில் அவளுக்குப் பெயர் ‘திருப்பி’. மரியாதை தெரிந்தவர்கள் ‘திருப்பி அக்கா’ என்பார்கள். அவள் முனையில் வரும்போதே முதல் கடைக்காரர் இருமுவார். அந்த இருமல் கடை கடையாகத் தாவிக் கடைசிக் கடைக்குப் போய்ச் சேரும்போது, அங்கே ஒருவர் அவசரமாகச் சாப்பிடப் போயிருப்பார்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது. இடது கால் செருப்பு மட்டும் கீச்சென்கிறது என்று ஜோடியைத் திருப்பியிருக்கிறாள். குக்கரின் விசில் அழுவதுபோல் இருக்கிறது என்று குக்கரைத் திருப்பியிருக்கிறாள். ஒரு மெத்தையை, அதில் ஒரு மாதம் படுத்துப் பார்த்துவிட்டு, முதுகுவலியைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பியிருக்கிறாள். “இவ திருப்பிக் கொடுக்காம வெச்சிருக்கிற ஒரே சாமான் நான்தான்” என்று அவள் கணவர் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். அவள் மாமனாரின் அறைப் பக்கம் கையைக் காட்டி, “கடைக்காரர் எடுத்துக்க மாட்டேன்னுட்டார்” என்பாள். உள்ளேயிருந்து, “வித்த சரக்கு வித்ததுதான்” என்று குரல் வரும்.

பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு ரோபோ செய்யச் சொல்லித்தரும் ஒரு பயிற்சி மையத்தில் அவளுக்குச் சாமான் அறைப் பொறுப்பு. வயர், சக்கரம், சென்சார், மோட்டார் எல்லாம் அவள் வாங்கி அவள் கொடுக்க வேண்டும். அதில் அவளுக்குத் தீராத தலைவலி மைக்ரோ சர்வோ மோட்டார். தீப்பெட்டியைவிடச் சின்னது. சொன்ன கோணத்துக்குக் கையைத் திருப்பி அங்கேயே நிற்க வேண்டும், அதுதான் அதன் வேலை. ரோபோ கையை ஆட்டுவதும், தலையைத் திருப்புவதும், வாயைத் திறப்பதும் இதனால்தான். பத்து வாங்கினால் நாலு நன்றாக இருக்கும், நாலு ஒப்பேற்றும், ரெண்டு பிறக்கும்போதே கிறுக்காக இருக்கும். வெளியே பார்த்தால் பத்தும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அதனால் புதிதாக வந்த மோட்டார்களை அவள் வீட்டுக்கு எடுத்து வந்து சோதிப்பாள். சமையலறை அலமாரி விளிம்பில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கையிலும் ஒரு ஐஸ் குச்சியைக் கட்டி, குச்சி நுனியில் ஒரு பூண்டுப் பல்லைத் தொங்கவிட்டு, மையத்திலிருந்து கொண்டு வந்த பேட்டரிப் பெட்டியில் இணைத்து ஓடவிடுவாள். அவள் சமைத்து முடிக்கும்வரை அவை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருக்கும். சூடாகிறவை, முனகுகிறவை, நடுவில் யோசிக்கிறவை எல்லாம் மறுநாள் கடைக்குத் திரும்பும். பூண்டு குழம்புக்குப் போகும். எதிர் வீட்டுக்காரர் ரொம்ப நாள் தன்னைப் பார்த்து யாரோ கையசைப்பதாக நினைத்துத் தானும் அசைத்துக்கொண்டிருந்தார். கணவரும் அலுவலகம் கிளம்பும்போது அலமாரியைப் பார்த்து, “சரி சரி, போயிட்டு வரேன்” என்பார்.

அந்த வீட்டில் மற்ற சாதனங்கள் இவ்வளவு சுறுசுறுப்பு இல்லை. சுவர்க் கடிகாரம் எப்போதும் பின்தங்கியே ஓடும். எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதை மனதுக்குள் கூட்டிக்கொண்டுதான் எல்லாரும் கிளம்புவார்கள். டிவி ரிமோட்டைத் தொடையில் அடித்தால்தான் சேனல் மாறும். புது பேட்டரி வாங்கி வைத்தாலும் நிலைமை அப்படியேதான் இருந்தது. அந்த வீட்டின் வாகு அப்படி என்று விட்டுவிட்டார்கள்.

மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கொஞ்ச காலமாக அவருக்குக் கை நடுக்கம். மருந்து குறைக்கும், நிறுத்தாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்த அந்த மதியம் வரை. அன்று அவர் ஸ்பூனிலிருந்து சூப் துள்ளி மாப்பிள்ளையின் வெளிர் மஞ்சள் சட்டையில் போய் விழுந்தது. யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மகள் ஒரு துண்டை நீட்டினாள், மாப்பிள்ளை துடைத்துக்கொண்டார், எல்லாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். மறுநாளிலிருந்து அவர் தட்டைத் தன் அறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தட்டு பாதி சாப்பாட்டோடு திரும்பி வந்தது.

இதைக் கணவர் பேச்சுவாக்கில் தன் அக்காவிடம் போனில் உளறிவிட்டார். நாத்தனார் உடனே தம்பி மனைவியைக் கூப்பிட்டாள். கோபமாகப் பேசவில்லை. அன்பாகப் பேசினாள், அது இன்னும் மோசம். அப்பா தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாராமே, பாவம், உனக்கும் வேலைக்குப் போகிற அவசரம், வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன், அப்படியே இருந்தால் எங்களோடு கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்றாள்.

நாத்தனாரின் வீடு பதினொன்றாவது மாடியில். மாமனார் ஒருமுறை போய்த் தங்கப் பார்த்து, பையை அவிழ்ப்பதற்குள் திரும்பிவிட்டவர். “மேல இருந்து பாத்தா பஸ்ஸெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு. எந்த ரூட்டுன்னு கூடத் தெரியல” என்றார். மகள் வரும் செய்தியைக் கேட்டதும் அவர் பரணிலிருந்த பையை இன்னும் உள்ளே தள்ளி வைத்தார்.

மாமனாருக்கும் மருமகளுக்கும் காலையில் தொடங்கினால் ராத்திரி வரை வாக்குவாதம்தான். ஆனாலும் அவளுக்குப் பொறுக்கவில்லை. தன் பொறுப்பில் இருந்த ஒன்றை வேறொருவர் ‘சரியில்லை’ என்று எடுத்துப்போவது அவள் வாழ்க்கையில் நடந்ததில்லை. திருப்பிக் கொடுப்பது அவள் வேலை, அவளிடமிருந்து யாரும் எதையும் திருப்பி வாங்கியது கிடையாது.

பயிற்சி மையத்து மாஸ்டரிடம் கேட்டாள். கை நடுங்கினாலும் நடுங்காத ஸ்பூன் ஒன்று செய்யலாம் என்றார் அவர். கைப்பிடியில் ஒரு சென்சார், கை எந்தப் பக்கம் ஆடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஸ்பூனைத் திருப்ப இரண்டு மைக்ரோ சர்வோ. மேல் கீழ் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பேட்டரிப் பெட்டி மேஜைமேல் இருக்கும், ஒரு வயர் போதும். சர்க்யூட்டும் புரோகிராமும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, “மோட்டார் மட்டும் நீங்க பாத்து எடுங்கக்கா. அது சரியில்லன்னா எல்லாமே வீண்” என்றார்.

முதலில் மையத்திலேயே கிடந்த நீல மோட்டார்களைப் போட்டாள். உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம். மாமனார் ஸ்பூனை வாங்கி ஸ்டீயரிங் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்தார். ஸ்பூன் இடப்பக்கம் திரும்பியதும், காலமெல்லாம் பஸ் ஓட்டிய கை சும்மா இருக்குமா, இன்னொரு கையால் ஸ்பூன் தலையைப் பிடித்து வலப்பக்கம் ஒடித்தார். உள்ளே கர்ரக்கென்றது.

“கியர் போச்சு. சத்தத்துலயே தெரியுது” என்றார், பெருமையோடு.

அடுத்து உலோகப் பல்சக்கரம் என்று ஸ்டிக்கர் ஒட்டியவற்றை வாங்கி வந்தாள். ஸ்டிக்கரை நம்புகிற ஜாதி இல்லை அவள். அடியிலிருந்த நாலு திருகையும் கழற்றிப் பார்த்தாள். பித்தளைச் சக்கரங்களுக்கு நடுவே, நல்லவர் கூட்டத்தில் புகுந்த திருடன்போல, ஒரு பிளாஸ்டிக் சக்கரம் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. அப்படியே பிரித்த வாக்கில் கடைக்கு எடுத்துப்போனாள்.

“திறந்து பாத்ததுக்கு ரிட்டன் கிடையாதுக்கா” என்றார் கடைக்காரர். சந்திலேயே சாப்பிடப் போகத் தெரியாத ஒரே ஆள் அவர்தான்.

“திறக்காம உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?”

“தெரிய வேணாம்னுதானே மூடி விக்கறாங்க.”

இருந்தாலும் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளாவிட்டால் அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள், உட்கார்ந்தால் வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுவாள் என்பது அவருக்குத் தெரியும். விலை கூடின நல்ல சரக்கு உள்ள டப்பாவை அவள் முன்னால் கவிழ்த்தார். அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். மோட்டாரின் கையை விரலால் மெல்ல ஆட்டி, எவ்வளவு தொளதொளப்பு என்று பார்த்தாள். ஓடவிட்டுக் காதோடு வைத்துக் கேட்டாள். பாதி வழியில் நிறுத்தச் சொல்லி, நிறுத்திய இடத்தில் நிற்கிறதா, இல்லை ஊர்கிறதா என்று பார்த்தாள். தனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவள் இவ்வளவு பார்க்கவில்லை. அன்று மாலைக்குள் இரண்டைத் தேர்ந்தெடுத்தாள். அலமாரியில் பூண்டுக்குப் பதிலாக ஒரு முழு வெங்காயத்தைக் கட்டிவிட்டாள். சூடு இல்லை, முனகல் இல்லை.

ஸ்பூனில் மாட்டி, தன் தெருவின் முனைக் கடையில் புது பேட்டரி வாங்கிப் போட்டு, வியாழக்கிழமை மதியம் மாமனாரிடம் கொடுத்தாள். ஸ்பூனில் தண்ணீர். அவர் கை ஆடியது, ஸ்பூன் ஆடவில்லை. தண்ணீர் அப்படியே வாய்க்குப் போனது. அவர் ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “பரவாயில்ல, ரோடு பிடிப்பு நல்லா இருக்கு” என்றார். அன்று மாலை வீடே கலகலப்பாக இருந்தது. மாமனாரின் அறையில் ரேடியோகூடக் கணீரென்று பாடியது.

வெள்ளிக்கிழமை ஸ்பூன் நடுங்கியது. கையில் எடுக்கவே வேண்டாம், மேஜைமேல் வைத்திருக்கும்போதே குளிரில் நிற்கிற பூனைக்குட்டிபோல் வெடவெடத்தது.

மாமனார் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். “எனக்குச் சொந்தமாவே ஒரு நடுக்கம் இருக்கும்மா. வாடகைக்கு இன்னொண்ணு எதுக்கு?”

அவள் மோட்டார்களைக் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடினாள். கடைக்காரர் தன் மேஜையிலிருந்த கருவியில் இணைத்தார். மோட்டார் கல்லுப் பிள்ளையாராக நின்றது. அவள் நம்பவில்லை. வேறு இரண்டு எடுத்துக்கொண்டாள். வீட்டில் அவையும் நடுங்கின. மறுபடி கடை, மறுபடி கல். மறுபடி வீடு, மறுபடி வெடவெடப்பு. சனிக்கிழமை காலை நான்காவது தடவையாக அவள் படியேறியதும் கடைக்காரர் எழுந்து, கல்லாவைப் பூட்டி, ஷட்டரை இழுத்துவிட்டார். அவளைப் பார்த்து ஓடுகிறார் என்றுதான் சந்தே நினைத்தது. அவரோ ஒரு மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு, “வாங்கக்கா, உங்க வீட்டையே பாத்துடலாம். என் மோட்டாருக்கு உங்க வீடு ஒத்துக்கலையா, உங்க வீட்டுக்கு என் மோட்டார் ஒத்துக்கலையான்னு” என்று முன்னால் நடந்தார்.

வீட்டில் அவர் மோட்டாரைத் தொடவேயில்லை. பேட்டரியில் மீட்டரை வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பேட்டரி சாகக் கிடக்கிறது, மோட்டாருக்குத் தெம்பில்லாவிட்டால் நடுங்காமல் என்ன செய்யும் என்றார். வியாழக்கிழமை போட்ட புதுப் பேட்டரி என்று அவள் சத்தியம் செய்தாள். அவர் தன் பையிலிருந்து நாலு பேட்டரி எடுத்துப் போட்டுக் காட்டினார். ஸ்பூன் அடங்கி நின்றது. பேட்டரியைக் கழற்றித் திரும்பவும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“இனிமே நீங்க திருப்பிக் கொடுக்க வேண்டிய கடை என்னுது இல்லக்கா” என்று எதிர்காலத்தைப் பற்றிய நம்பிக்கையோடு கிளம்பினார்.

அவள் நேரே முனைக் கடைக்குப் போனாள். ஒரே நாளில் சாகிற பேட்டரியை விற்பது என்ன வியாபாரம் என்று கேட்டாள். முனைக் கடைக்காரருக்கு அவளைப் பற்றிய முன்னறிமுகம் இல்லாததால் கொஞ்சம் வாதாடிப் பார்த்தார். தெருவில் போனவர்கள் நின்றார்கள். கடைசியில் புதுப் பேட்டரி கொடுத்து, போகச் சொல்லிக் கும்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்பூனைச் சோதித்தாள். அசையவில்லை. மாமனாரிடம், “இன்னிக்கு வெளிய வந்து மேஜையில உக்காந்து சாப்பிடணும். இல்லன்னா பதினொண்ணாவது மாடி” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

நாத்தனாரும் அவள் கணவரும் வந்தார்கள். நாத்தனாரின் கண் முதலில் மாமனாரின் இடுப்பையும் பிறகு கன்னத்தையும் அளந்தது. அவள் கணவர் இந்தத் தடவை கறுப்புச் சட்டை போட்டு வந்திருந்தார். அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதும் மாமனார் உடனே வரவில்லை. எல்லாரும் உட்கார்ந்த பிறகு, அறைக் கதவைத் திறந்து, தலையை வாரிக்கொண்டு, தன் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை நாற்காலியைச் சத்தமில்லாமல் ஓர் அங்குலம் நகர்த்தினார்.

சூப் வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதுபோல் எல்லாரும் பார்த்தார்கள். முதல் ஸ்பூன் நேராக வாய்க்குப் போனது. இரண்டாவதும் போனது. நாத்தனார் குழாயில் தண்ணீர் வருகிற வேகத்தைப் பற்றி ஏதோ பேச ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமல் அப்பாவின் கையையே பார்த்தாள். மருமகள் எண்ணெய் விட்ட மாதிரி ஓடிய மோட்டாரின் மெல்லிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தச் சத்தம் மாறியது.

முதலில் ஒரு முனகல். பிறகு ஸ்பூன் லேசாகச் சிலிர்த்தது. அப்புறம் அது மாமனாரின் கையையும் மிஞ்சி, தனக்கென்று ஒரு ஆட்டம் ஆட ஆரம்பித்தது. சூப் மேஜை விரிப்பில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. மாமனார் ஸ்பூனைக் கீழே வைத்தார். போன தடவை இருந்த அதே அமைதி. நாத்தனாரின் கை துண்டைத் தேடியது.

அந்த அமைதியில்தான் உள் அறையிலிருந்து ரேடியோ கேட்டது. கால்பந்து வர்ணனை. ஒவ்வொரு சொல்லும் கல்லில் செதுக்கினதுபோல் தெளிவு.

மருமகள் மெதுவாகத் திரும்பினாள்.

“மாமா. ரேடியோ நல்லா கேக்குதே.”

மாமனார் சூப்பைப் பார்த்தார். “ரெண்டாவது பாதி ஆரம்பிச்சிட்டான்” என்றார்.

அவள் எழுந்து உள்ளே போனாள். பேசிக்கொண்டிருந்த ரேடியோவைக் கையில் தூக்கி வந்து, எல்லார் முன்னாலும் அதன் முதுகைத் திறந்தாள். முனைக் கடைக்காரர் கும்பிட்டுக் கொடுத்த நாலு பேட்டரியும் உள்ளே பளபளத்தன. ரேடியோவின் பழைய பேட்டரிகள் ஸ்பூனின் பெட்டிக்குள் இருந்தன. கொஞ்ச நேரம் ஓய்வெடுத்திருந்ததால் இரண்டு வாய் வரைக்கும் தாங்கியிருக்கின்றன.

இப்போதுதான் கணவருக்கும் கடிகாரம் ஏன் பின்தங்குகிறது என்று புரிந்தது. அந்த வீட்டில் எந்தப் புதுப் பேட்டரி வந்தாலும் அது ரேடியோவில்தான் வேலைக்குச் சேர்கிறது. அங்கே களைத்ததும் ரிமோட்டுக்கு மாற்றல், அங்கேயும் முடியாதபோது கடிகாரத்தில் கடைசிக் காலம். மாமனார் பல வருஷமாகச் சத்தமில்லாமல் நடத்திவந்த நிர்வாகம் அது.

“ஏன் மாமா இப்படிச் செஞ்சீங்க?”

“என்னம்மா செஞ்சேன்? ஸ்பூன் என்ன நாள் பூராவா உழைக்குது? சாப்பிடற நேரத்துக்கு மட்டும்தானே. ரேடியோ காலையில ஆரம்பிச்சா படுக்கற வரைக்கும் தொண்டை கிழியக் கத்துது. அதுக்கு இல்லாத புதுப் பேட்டரி இதுக்கா?”

“இந்த ஸ்பூனுக்காக ஒரு கடைக்காரனைக் கடைய மூட வெச்சிருக்கேன். இன்னொருத்தன் கிட்ட நடுத்தெருவுல சண்டை போட்டுட்டு வந்திருக்கேன்.”

“நீ எவன் கிட்டத்தான் சண்டை போடல?”

“நல்ல மோட்டாரை நாலு தடவை கெட்ட மோட்டார்னு சொன்னேனே மாமா. எம்பேரு என்ன ஆகறது?”

“உம்பேருக்கு என்ன, அது அப்படியேதான் இருக்கு. எனக்கே தெரியும், சந்துல என்ன பேருன்னு.”

அவள் பேட்டரியைப் பிடுங்கப் போனாள். அவர் இரண்டாவது பாதி முடியட்டும் என்று ரேடியோவைத் தன் பக்கம் இழுத்தார். இழுத்த இழுப்பில் முழங்கை சூப் கிண்ணத்தில் இடித்தது. கிண்ணம் மேஜையின் குறுக்கே வழுக்கிப் போய் மாப்பிள்ளையின் மடியில் கவிழ்ந்தது. ஓர் அங்குலம் நகர்ந்ததெல்லாம் எந்த மூலைக்கு?

மாப்பிள்ளை குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். “சட்டைதான் கறுப்புல போட்டுட்டு வந்தேன். பேன்ட்டை யோசிக்கல” என்றார்.

முதலில் சிரித்தது மாமனார்தான். பிறகு நாத்தனார் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தன் கணவருக்கு என்று தேடிய துண்டால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தச் சிரிப்புக்கு நடுவே மருமகள் பேட்டரிகளை இடம் மாற்றினாள். ரேடியோவின் குரல் கிணற்றுக்குள் இறங்கியது. ஸ்பூன் நின்றது. மாமனார் புதிதாக ஊற்றிய சூப்பைக் கடைசிச் சொட்டு வரை சாப்பிட்டார், யார் கோல் போட்டது என்று தெரியாமல் போனதற்கு மருமகளைத் திட்டிக்கொண்டே. அவளும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டாம் முறை சாப்பாடு போட்டுக்கொண்டதை இருவருமே கவனிக்கவில்லை. நாத்தனார் கவனித்தாள்.

பாத்திரம் தேய்க்கும் இடத்தில் நாத்தனார் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அப்பா என் வீட்டுக்கு வந்தப்போ ஒரு வார்த்தை இப்படிப் பேசல. விருந்தாளி மாதிரி உக்காந்துட்டுக் கிளம்பிட்டார்” என்றாள். கொஞ்ச நேரம் தட்டைத் துடைத்தாள். “அவர் இங்கயே இருக்கட்டும்.”

“ஏன் அண்ணி, கூட்டிட்டுப் போகணும்னு சொன்னீங்களே?”

“கூட்டிட்டுப் போய், என் வீட்டு ரிமோட், கடிகாரம், காலிங்பெல் எல்லாம் நின்னு போய், அப்புறம் திருப்பிக் கொண்டு வந்தா நீ எடுத்துக்குவியா?”

“பில் இருந்தா எடுத்துக்குவேன்” என்றாள் அவள், கையைத் துடைத்தபடி.

திங்கட்கிழமை அவள் சந்துக்குப் போனாள். முதல் கடைக்காரர் இருமினார். மோட்டார் கடைக்காரர் அவளைப் பார்த்ததும் ஷட்டர் கொக்கியில் கை வைத்துவிட்டார். அவள் பையிலிருந்து எதையும் எடுக்கவில்லை. அதே மோட்டாரில் இன்னொரு ஜோடி வேண்டும், மாற்றுக்கு வைத்துக்கொள்ள என்றாள். அவர் டப்பாவைக் கவிழ்த்தார். அவள் மேலாக இருந்த இரண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆட்டிப் பார்க்கவில்லை, காதில் வைத்துக் கேட்கவில்லை. அவள் போன பிறகு கடைக்காரர் மீதமிருந்த மோட்டார்களை ஒவ்வொன்றாக எடுத்து, தானே காதில் வைத்துக் கேட்டுப் பார்த்தார். எதுவோ சரியில்லை என்று அவருக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்தவள் ஸ்பூனின் பேட்டரிப் பெட்டியைத்தான் முதலில் திறந்தாள். பேட்டரி நாலும் இருந்தன. புதுசு. தொட்டிருக்கவில்லை.

உள் அறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கணீரென்று.

அவள் யோசித்துக்கொண்டே சமையலறைக்குப் போய் அலமாரியைப் பார்த்தாள். சோதனைக்கு ஒட்டி வைத்திருந்த பயிற்சி மையத்து மோட்டார்கள் எல்லாம் பூண்டுப் பற்களைப் பிடித்தபடி, டாட்டா காட்டும் பாதியில் அப்படியே நின்றிருந்தன.